முற்றுப்புள்ளி இல்லாத மூடி

முற்றுப்புள்ளி வைக்காத 'மெய்ன்' செல்லாது என்று விதி வேண்டும், வுப்போ மறுபடியும் எழுதினான். காலையிலிருந்து இதே பாட்டு.

பழைய பிஸ்கட் டப்பா சேர்ப்பவர்களின் இணையக் குழு எங்களுடையது. எங்கள் ஏலத்தில் விலை ஏறாது, இறங்கும். இறங்கி வரும்போது யார் முதலில் 'மெய்ன்' என்று எழுதுகிறாரோ, பொருள் அவருக்கு. டச்சில் 'என்னுடையது' என்று ஏலம் கேட்பதற்கும், வெறுமனே 'என்' என்பதற்கும் அந்த ஒரே சொல்தான்.

'என் மாமியார் நலம்' என்று ஒருவர் எழுத ஆரம்பித்தால் அதையும் ஏலமாக எடுப்பீர்களா என்று கேட்டான் வுப்போ. முற்றுப்புள்ளி விதிக்கான வாக்கெடுப்பில் ஒரே வாக்கில் தோற்றான். அந்த ஒன்று என்னுடையது.

அன்று ஏலத்துக்கு வந்தது ஒரு மூடி. நீலம், மேலே மூன்று வாத்துகள். அதே வாத்துகள் போட்ட டப்பா பல வருடமாக மூடியில்லாமல் என் வீட்டில் கிடக்கிறது, போடும் பிஸ்கட் எல்லாம் நமுத்துப் போகிறது. விலை பாதியாகும்வரை காத்திருப்பதாகத் திட்டம். அதற்கு மேல் என் பென்ஷன் தாங்காது.

ஏலம் நடத்தும் யிட்ஸ்கெ உச்ச விலையைப் போட்டாள்.

வுப்போ உடனே ஆரம்பித்தான். படத்தில் நிழல் விழுகிறதாம். விலையை இறக்கும் கடிகாரம் சரியில்லையாம். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் என்னவாம்.

எனக்குத் தலைக்கேறியது. 'மெய்ன் ஹேமல், வுப்போ, வாயை மூடேன்' என்று தட்டி அனுப்பினேன். 'என் வானமே' என்று பொருள். சலித்துக்கொள்ளும்போது நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

மணி அடித்தது. உச்ச விலையில் ஹெஸ்ஸலுக்கு, என்றது திரை. ஹெஸ்ஸல் நான்தான்.

குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் நாட்டில் உச்ச விலைக்கு யாரும் எதையும் வாங்குவதில்லை. வெட்கத்தை விட்டு எழுதினேன்: முற்றுப்புள்ளி இல்லை, அதனால் செல்லாது.

எனக்காகப் பேச வந்தவன் ஒருவன்தான். ஹெஸ்ஸல் சொல்வது நியாயம், ஏலத்தை ரத்து செய்யுங்கள் என்றான் வுப்போ. நெகிழ்ந்துபோனேன்.

அப்போது திரையில் விற்பவர் பெயர் வந்தது. ஏலம் முடிந்த பிறகுதான் அதைக் காட்டுவார்கள்.

வுப்போ.

விற்கப் போட்டதைத் திரும்ப எடுக்கக் கூடாது என்று எங்களிடம் ஒரு விதி உண்டு. எல்லோரிடமும் சண்டை போட்டு அதைக் கொண்டுவந்தவனும் அவனேதான்.

பிறகு ஏன் விற்கப் போட்டாய் என்று தனியாகக் கேட்டேன்.

"பொண்ணு விக்கச் சொன்னா, போட்டுட்டேன். போட்டதுலேர்ந்து மனசே கேக்கல. டப்பா துருப்பிடிச்சுப் போச்சு, இப்ப அந்த மூடியிலதான் பிஸ்கட் வச்சு சாப்பிடறேன்."

எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. முற்றுப்புள்ளிக்கு என் வாக்கை மாற்றிப் போட்டேன். விதி மாறியது, ஏலம் ரத்தானது, மூடி அவனிடமே நின்றது. எனக்கு வயிறு எரியத்தான் செய்தது.

பிறகு எல்லோரும் பார்க்கவே எழுதினேன்: என் டப்பா சும்மாதான் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காபிக்கு மூடியோடு வா.

எழுதி அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். 'மெய்ன்' என்றுதான் ஆரம்பித்திருந்தேன்.

வுப்போ விடுவானா?

"'மெய்ன்'னுக்கு அப்புறம் முற்றுப்புள்ளி இல்ல. அப்ப இது ஏலம் இல்ல, அழைப்புதான். வரேன்."