போணி ஆகாத காலை

“அடுத்தது எடுங்க.”

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

அவர் எடுத்தார். பிரித்தார். முந்தானையைத் தன் தோளிலேயே போட்டுக் காட்டினார்.

மயில் கழுத்து நிறம். நல்ல புடவைதான்.

அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

மேஜையில் புடவைகள் மலையாகக் குவிந்துவிட்டன. எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. மடித்து வைக்கவும் ஆள் இல்லை. ஆறு ஊரில் கிளை வைத்திருந்த முதலாளி, மிஞ்சிய இந்த ஒரே கடையில், தானே ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். மேல் மாடிகளைப் பூட்டியாயிற்று. ஊரே போனில் புடவை பார்க்கிறது. ‘கடையைக் காலி செய்கிறோம், எல்லாம் பாதி விலை’ என்று வாசலில் பேனர் கட்டியும் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

அந்தப் பேனரைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வந்தாள். கடை திறந்ததும், முதல் ஆளாக.

முதல் ஆள் வெறுங்கையோடு படி இறங்கினால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. எத்தனை புடவை கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். பல வருடம் இதே மேஜைக்குப் பின்னால் வேலை பார்த்தவளுக்கு அது தெரியாதா?

“போணி பண்ணிட்டுப் போங்கம்மா. வெல இன்னும் கொறச்சுப் போட்டுத் தர்றேன்.”

அம்மாவாம்.

அன்றைக்கு ‘ஏ, உன்னத்தான்’. ஆடித் தள்ளுபடிக் கூட்டம். அவளுக்குக் காலில் நரம்பு சுருண்டு, புடைத்து, நீலம் பாரித்திருந்தது. கூட்டம் கொஞ்சம் விலகிய நேரத்தில் துணிப் பொதியின் மேல் ஒரு நிமிடம் உட்கார்ந்தாள். முதலாளி பார்த்துவிட்டார். அத்தனை பேர் முன்னால், “உக்கார்றதுன்னா வீட்ல போய் உக்காரு” என்றார். அன்றே வீட்டுக்கு அனுப்பியும் விட்டார்.

இப்போது அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. முகத்தைப் பார்த்துப் பேசியிருந்தால்தானே தெரியும்.

இத்தனை நாள் எரிந்த வயிறு அவளுக்கு இன்றுதான் குளிர்ந்தது.

“அடர் பச்சை இருக்குங்களா? மேல் தட்டுல?”

அவர் ஏணியில் ஏறினார். இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வியர்த்திருந்தது. பச்சையைப் பிரித்துப் போட்டுவிட்டு, பின்னால் கையால் துழாவி ஒரு ஸ்டூலை இழுத்தார். அவள் இருந்த காலத்தில் மேஜைக்குப் பின்னால் ஸ்டூலே கிடையாது. தனக்கென்று ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறார்.

அவள் சட்டென்று எழுந்து நின்றாள்.

உட்காரப் போனவர் பாதியிலேயே நிமிர்ந்தார்.

கஸ்டமர் நிற்கும்போது மேஜைக்குப் பின்னால் யாரும் உட்காரக் கூடாது. அவர் போட்ட சட்டம்தான். சொல்லிச் சொல்லி அவர் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது.

“நீங்க உக்காருங்கம்மா. எதுக்கு நிக்கிறீங்க?”

குரல் கெஞ்சியது.

“பரவால்லீங்க. நின்னே பாக்குறேன்.”

கெண்டைக்காலில் நரம்பு இழுத்தது. வலித்தது.

வலிக்கட்டும்.

அவள் அடுத்த அலமாரியைக் கைகாட்டினாள். அதில் இன்னும் ஒரு புடவைகூடப் பிரிக்கவில்லை.