விருந்துக்கு வந்த குட்டை மீசை

பூசணிக்கொடியில் குடியிருந்த நீள மீசை வெட்டுக்கிளித் தம்பதி வீட்டுக்குப் புல்வெளியிலிருந்து ஒரு குட்டை மீசை வெட்டுக்கிளி விருந்துக்கு வந்தார். மனைவிக்கு அவர் ஒன்றுவிட்ட அண்ணன்.

நீள மீசைக்காரர்களுக்குக் காது முன்னங்காலில், முட்டிக்குக் கீழே இருக்கும். வெட்டுக்கிளி என்று பிறந்த எல்லோருக்கும் அங்கேதான் என்பது அவர்கள் நினைப்பு. அதனால் மனைவி அண்ணனின் முட்டியருகே குனிந்து, "கூச்சப்படாம சாப்பிடுங்க அண்ணே," என்று உபசரித்தாள். பிறகு இருவரும் அவருக்குப் பின்னால் போய், இடுப்பருகே நின்று கிசுகிசுத்தார்கள்.

"மீசையைப் பாரேன், யாரோ கடிச்சுத் துப்பின மாதிரி இருக்கு," என்றான் கணவன்.

"மெதுவா பேசுங்க. அவருக்கு முத்தின இலையே போதும். கொழுந்தை நமக்கு எடுத்து வெச்சிட்டேன்."

அண்ணன் முத்தின இலையை மிச்சம் வைக்காமல் மென்று முடித்தார். கிளம்பும்போது மனைவி மறுபடி முட்டியருகே குனிந்தாள்.

"எதுக்கு இவ்வளவு குனியறே தங்கச்சி? எனக்கு அங்கே காது இல்ல."

"பின்னே எங்கே அண்ணே?"

அவர் சிறகை லேசாகத் தூக்கி இடுப்பைக் காட்டினார். "இங்கே. நீங்க ரெண்டு பேரும் நின்னு பேசிட்டிருந்தீங்களே, அந்த இடம். மாப்பிள்ளே, மீசையை யாரும் கடிக்கல. பிறந்ததிலேருந்தே இவ்வளவுதான்."

கணவன் இலையின் அடிப்பக்கம் போய் ஒளிந்துகொண்டான். மனைவி உள்ளே போய்க் கொழுந்து முழுவதையும் கொண்டுவந்து வைத்தாள்.

"கூச்சப்படாம சாப்பிடுங்க அண்ணே," என்றாள், இந்தத் தடவை இடுப்பருகே நின்று.