கடைசிப் பகுதி

"இண்டைக்கெண்டாலும் சரிவருமோ, பிள்ளை?"

மூன்று நாளாக இதே கேள்வி. பிறிஜெற் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டளையை மறுபடி தட்டினாள். ‘தெரியாத கட்டளை’ என்று திரை மறுபடி முகத்தில் அடித்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் தொலைபேசி, ஃபோட்டோகொப்பி என்று கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கும் முத்துலிங்கத்தின் கணினி அது. ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்கும் மென்பொருள் அவள் எழுதியது. முன்பகுதி கடைக்கு, கடைசிப் பகுதி மகனின் படங்களுக்கு என்று போன வருடம் பிரித்துக் கொடுத்தவளும் அவள்தான். போன மாதம் மென்பொருளைப் புதுப்பித்ததிலிருந்துதான் கடைசிப் பகுதி திறக்க மாட்டேன் என்கிற இந்தத் தலையிடி.

"மகன்ர படம் முழுக்க அதுக்குள்ளதான். எனக்குக் கைவைக்க ஏலாமக் கிடக்கு," என்றார் முத்துலிங்கம்.

மகன் புலிகளின் கையில் இருந்த கிளிநொச்சிக்குப் படிப்பிக்கப் போனவன். சண்டையில் பாதை பூட்டிய பிறகு ஒரு கடிதமும் இல்லை.

"கொஞ்சம் தள்ளி இருங்கோ அங்கிள். பக்கத்தில நிண்டா எனக்கு மூளை ஓடாது."

அவர் அசையவில்லை. வாசலைப் பார்த்தார். "பக்கத்து லேனில நேற்று ஆமிச் செக்கிங். ஒரு வீட்டில கொம்பியூட்டரையும் தூக்கிக்கொண்டு போயிட்டாங்கள்."

எரிச்சலுக்குள்ளும் அவளுக்குப் பாவமாக இருந்தது. இருக்கிற படங்களும் பறிபோய்விடும் என்று மனுசன் பயப்படுகிறார்.

பிழை ஒருவழியாகக் கண்ணில் பட்டது. கடைசிப் பகுதி என்பதற்கு ‘-1’ என்று கொடுக்க வேண்டும். முன்னால் இருந்த சின்னக் கோட்டைப் பார்த்ததும் மென்பொருள் அதை எண்ணாக எடுக்காமல், ஏதோ புதுக் கட்டளை என்று நினைத்துத் துரத்தியிருக்கிறது. ஒரு கோட்டுக்கு மூன்று நாள்!

இரண்டு வரி திருத்தினாள். சேமிக்குமுன் கரண்ட் போனது. தலையில் அடித்துக்கொண்டாள். அரைமணி கழித்து வந்ததும் மறுபடி எழுதினாள்.

படங்கள் வரிசையாக விரிந்தன.

"அங்கிள், ஒண்டும் போகேல்ல! எல்லாப் படமும் கிடக்கு!"

முத்துலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். ‘கிளிநொச்சி’ என்று எழுதிய பள்ளிக்கூடப் பலகையின் கீழே, பிள்ளைகளின் நடுவே மகன் சிரித்துக்கொண்டு நின்றான். திரையில் அவன் கன்னத்தை விரலால் தொட்டார். நெடுநேரம் விரலை எடுக்கவில்லை.

பிறகு மெதுவாகக் கேட்டார்:

"இனி எல்லாத்தையும் அழிக்கலாந்தானே, பிள்ளை?"