சத்தம் கம்மியா ஒண்ணு

"இருக்கறதுலயே சத்தம் கம்மியான ஸ்பீக்கரா ஒண்ணு காட்டும்மா" என்று பொன்னுராஜ் கேட்டதும் கடைப்பெண் ஆஷிகாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. ராஜபாளையத்தில் அந்தக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் தெருவே அதிர வேண்டும் என்று கேட்டுத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

பொன்னுராஜ் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். ஊன்றாவிட்டால் விழுந்திருப்பான். ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் நேரே கடைக்கு வந்திருந்தான்.

மனுசன் நிம்மதியாகத் தூங்கி மாசக்கணக்கு ஆகிறது. எல்லாம் பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் செய்கிற வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் தனிக்கட்டையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில், இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

காலையில் வந்து குளித்து, துணி துவைத்து, சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அந்த வீட்டில் மூச்சுச் சத்தம் இருக்காது. இவன் பாயை விரித்துக் கண்ணசர வேண்டியதுதான், அந்தப் பக்கம் பாட்டு ஆரம்பித்துவிடும். அப்படி என்ன பாவம் செய்தோம் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

சண்டை போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ரிட்டயர் ஆன சத்தியநேசன் சாரும் அவர் சம்சாரம் பரிபூரணம் அக்காவும் தங்கமான மனுசர்கள். இவன் இல்லாத நேரத்தில் கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பார்கள். மீன் குழம்பு வைத்தால் இவனுக்கு ஒரு கிண்ணம் வந்துவிடும். அந்தக் கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, பாட்டை நிறுத்துங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் இனியும் பொறுத்தால் பிழைப்பு போய்விடும். போன வாரம் ஓடுகிற மெஷின் முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டான். மேஸ்திரி சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் கையே போயிருக்கும். இன்னொரு தடவை இப்படிப் பார்த்தால் ஊரைப் பார்க்கப் போய்விடு என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அதற்குத்தான் இந்த ஏற்பாடு. மறுநாள் சத்தியநேசன் சாருக்குக் கல்யாண நாள். மெல்லிசாகப் பாடுகிற ஒரு ஸ்பீக்கரைப் பரிசாகக் கொடுத்துவிட்டால், அந்தப் பழைய சனியன் பரணுக்குப் போய்விடும் அல்லவா?

ஆஷிகா இரண்டை எடுத்து வைத்தாள். சின்னது பாடியது பக்கத்தில் நின்றவனுக்கே பாதிதான் கேட்டது; பொன்னுராஜுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பெரியது அடித்த அடியில் கவுண்டர் கண்ணாடி நடுங்கியது. சின்னதையே கட்டச் சொல்லப் போனான்.

அப்போதுதான் அவள் பெரியதின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தாள். அதில் ஒரே நேரத்தில் இரண்டு போனை இணைக்கலாமாம். ஒரு போனில் பாட்டு ஓடும்போதே இன்னொரு போனிலிருந்து சத்தத்தைக் குறைக்கலாமாம். சின்னதில் ஒரு போன்தானாம். நடுவில் சுவர் வந்தால் விட்டுவிட்டுத்தான் பாடுமாம்.

பொன்னுராஜுக்கு இருந்த தூக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"சொவத்துக்கு அந்தப் பக்கம் நம்ம போன் இருந்தாலும் இது கேக்குமாம்மா?"

"நீங்களே போய்ப் பாருங்கண்ணே."

தன் போனையும் அவன் போனையும் அவள் இணைத்துக் கொடுத்தாள். அவன் பின்னால் இருந்த குடோனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தன் போனில் சத்தத்தைக் குறைத்தான். கடையில் அலறிக்கொண்டிருந்த பாட்டு கப்பென்று அடங்கியது. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அந்த அமைதியில் அப்படியே சாய்ந்துவிடலாமா என்றுகூட நினைத்தான்.

சின்னது முனகினாலும் நாள் முழுக்க முனகிக்கொண்டுதான் இருக்கும். பெரியது எவ்வளவு கத்தினாலும் அதன் குடுமி இவன் கையில் இருக்கும். பெரியதையே பளபள காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம், வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். பரிபூரணம் அக்காவுக்கு வாயெல்லாம் பல். எதற்கு வீண் செலவு என்று கடிந்துகொண்டே அவன் கையில் கேசரித் தட்டைக் கொடுத்தாள்.

சத்தியநேசன் சார் போனை இணைத்துப் பாட்டைப் போட்டதும் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது. அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பொன்னுராஜ் சட்டைப்பைக்குள் இருந்த தன் போனில் விரலை வைத்து மெல்லச் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தான், குறைந்தது. இனி இந்த ஜென்மத்தில் தூக்கத்துக்குப் பஞ்சமில்லை என்று கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டான்.

சார் பதறிப்போனார். சத்தம் பத்தாது போலிருக்கிறதே என்று பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கினார்.

"எதுக்கு சார் அம்புட்டுச் சத்தம்? மெல்லமா வச்சுக் கேட்டாத்தான பாட்டு நல்லா இருக்கும்" என்றான் பொன்னுராஜ்.

புருசனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்களுக்குப் பாட்டே ஆகாது தம்பி. அவியளுக்குத் தலைவலி வந்துரும்" என்றாள் அக்கா.

"பொறவு எதுக்குக்கா போடுதிய?"

அக்கா அடுப்பில் ஏதோ இருக்கிற மாதிரி உள்ளே போய்விட்டாள். சத்தியநேசன் சார்தான், இத்தனை நாள் சொல்ல முடியாமல் கிடந்ததை, அவன் தோளில் கையைப் போட்டு மெதுவாகச் சொன்னார்.

"ஒன் கொறட்டை தாங்கலப்பா."