மழை அழுத்திய மணி

வாசல் மணி அடித்ததும் சமையலறையிலிருந்து மனைவி ஓடினாள். மகள் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனதிலிருந்து இப்படித்தான்.

“யாரும் இருக்க மாட்டாங்க, வா,” என்றார் கணவர். “மழை பெஞ்சா ஸ்விட்சுக்குள்ள தண்ணி இறங்குது. ரெண்டு கம்பிக்கும் நடுவுல ஈரம் பாலம் போடுது. கரண்ட் அது மேல ஏறிப் போகுது, மணி அடிக்குது. அதுக்கு விரலும் ஒண்ணுதான், ஈரமும் ஒண்ணுதான். கொஞ்சம் அறிவோட யோசிச்சுப் பாரேன்!”

அவள் கதவைத் திறந்தாள். வாசலில் யாரும் இல்லை.

பார்க்க வந்திருந்த அவளுடைய தம்பிக்குப் பொறுக்கவில்லை.

“நல்லா விளக்குறீங்க மாமா! ஊர்ல பாதி வீட்டுக்கு வயரிங் பண்றவர் நீங்க. சொந்த வீட்டு ஸ்விட்சை மாத்த மட்டும் கை வராதா? அக்கா பாவம், எத்தனை தடவைதான் ஓடுவா? ஸ்க்ரூ டிரைவரைக் குடுங்க, நான் மாத்தறேன்.”

அவர் கருவிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“வேணாம்ப்பா.”

“ஏன்? அஞ்சு நிமிஷ வேலை!”

“தெரியும்.” அவர் திறந்திருந்த கதவையே பார்த்தார். “மாத்திட்டா, அப்புறம் பொண்ணு வந்தாத்தானே அடிக்கும்?”