அமலா குடித்த தண்ணீர்

அமலா மூன்றாவது பாட்டிலையும் காலி செய்துவிட்டு நான்காவதற்குக் கை நீட்டினாள்.

பார்த்துக்கொண்டிருந்த பாண்டிச்செல்விக்கே மூச்சு முட்டியது. ஒரகடத்துக் கார்களுக்கு ஒயர் கட்டும் அந்த லைனில் பெண்கள் தண்ணீர் குடிப்பதே இல்லை. குடித்தால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் சூப்பர்வைசர் முன்னால் கை கட்டி நிற்க வேண்டும். அந்த மானக்கேட்டுக்கு நீர்க்கடுப்பே தேவலை என்று பழகிவிட்டார்கள்.

இன்றைக்குக் கதை வேறு. கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நாள்.

கழிவறை வாசலில் நர்ஸம்மா ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த ரகசியம். போன தடவை டப்பா கொடுத்த மறுநாளே, இதே லைனில் வேலை பார்த்த வேல்விழியை வயிற்றுப் பிள்ளையோடு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

அமலாவுக்கு இப்போது மூன்றாம் மாதம்.

பாண்டிச்செல்வி காலையிலேயே நல்ல மனதோடு சொல்லிப் பார்த்தாள். தன்னுடைய சிறுநீரை ஊற்றித் தருவதாகவும், கல்யாணமே ஆகாதவள் என்பதால் ஒரு வம்பும் வராது என்றும். ஹாஸ்டலில் பலரும் அப்படித் தப்பித்தவர்கள்தான்.

"ஒளிச்சி வெச்சிக்கினு எத்தினி நாளு ஓட்றது? வயிறு என் பேச்சையா கேக்கப் போவுது?" என்றாள் அமலா.

பிறகு அவள் காதோடு சொன்ன யோசனைக்குப் பாண்டிச்செல்வி உடனே தலையாட்டவில்லை. விஷயம் ஊரிலிருக்கும் தன் அண்ணன் காதுக்குப் போனால் வெட்டியே போட்டுவிடுவான். ஆனால் வேல்விழி ரோட்டோரம் பையோடு நின்ற கோலம் கண்ணைவிட்டுப் போகவில்லை. வருவது வரட்டும் என்று, இருக்கிற பாட்டிலையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தவள் அவள்தான்.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஆபீசர் கோதண்டராமனின் மேஜை முன்னால் நின்றார்கள்.

நர்ஸம்மா ஒவ்வொரு டப்பாவிலும் சோதனைப் பட்டையை முக்கி எடுத்தாள். அமலாவுக்கு இரண்டு கோடு. பாண்டிச்செல்விக்கும் இரண்டு கோடு. அவளுக்கு அடுத்தவளுக்கும் இரண்டு கோடு. லைன் மொத்தமும் பிள்ளையுண்டாகியிருந்தது.

கழிவறைக்குள்ளே எல்லா டப்பாவையும் நிரப்பியவள் அமலா ஒருத்திதான்.

கடைசி டப்பா, கழிவறை கழுவும் பாப்பம்மாளுடையது. அவளும் கான்ட்ராக்ட்தான். அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்து நாலு வருஷமாகிறது. அந்த ஆபரேஷனுக்கு லீவு தராமல் இழுத்தடித்தவரே இந்தக் கோதண்டராமன்தான்.

அதிலும் இரண்டு கோடு.

ஏமாற்று வேலை என்று கத்துவதற்கு அவர் வாயைத் திறந்தார். கத்தினால் எதைச் சோதித்தோம் என்று சொல்லியாக வேண்டும். நோட்டீஸ் போர்டில் அவர் ஒட்டியிருந்ததோ சர்க்கரை நோய்ப் பரிசோதனை என்று. வாயை மூடிக்கொண்டு பட்டைகளையே மாறிமாறிப் பார்த்தார்.

பாப்பம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தாள்.

"இன்னா சார் அப்படி முழிக்கிறீங்க? எனக்கு சக்கர ஜாஸ்தி ஆய்டுச்சா?"