நான்காவது வீட்டுக் கதவு

தேவிகுளத்தில் ஒரு விடுதிக்காக, வெள்ளைக்காரன் காலத்து ஓவியம் ஒன்றைக் கட்டம் போட்டுப் பிரதி வரைந்துகொண்டிருந்தான் ஏசுதாஸ். தேயிலைச் சரிவு, பங்களா, அதற்குக் கீழே தோட்டத் தொழிலாளர்களின் ஆறு லைன் வீடுகள். அறைக்கு ஒன்றாகப் பத்துப் படங்கள் கேட்டிருந்தார்கள்.

மூல ஓவியத்தில் எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. அவன் வரைந்த ஒன்பதிலும் நான்காவது வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது. பச்சை வைத்து மூடுவான். காய்ந்ததும் மறுபடி திறந்திருக்கும். மேனேஜர் இரண்டு முறை சத்தம் போட்டுவிட்டார்.

விடுதியைக் கூட்டிப் பெருக்கும் மூக்கம்மாள் அன்றைக்குத்தான் படங்களைப் பார்த்தாள். விளக்குமாற்றைக் கீழே வைத்தாள்.

"இது நாங்க இருந்த வீடுல்லா. மலைக்குப் போன பிள்ளைக ஆறும் வந்து சேராம எங்கம்மா கதவச் சாத்த மாட்டா."

"இப்ப யாரு வரணும்க்கா?"

"அஞ்சு பேரு போய்ச் சேந்தாச்சு. நான்தான் பாக்கி," என்று சிரித்தாள். "நீ அத மூடாத தம்பி. மேனேஜர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

மறுநாள் காலை ஏசுதாஸ் வந்தபோது வராந்தா கூட்டாமல் கிடந்தது. ஒன்பது படங்களிலும் நான்காவது வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஒவ்வொரு படத்திலும் அந்த வாசலுக்கு வெளியே, சுவரோடு ஒரு விளக்குமாறு சாய்ந்திருந்தது.